கொட்டகைச் சுவரில் நீலக் கோடு

கரைக்காரம்மா என்றால் துறைமுகம் தொடங்கி முகத்துவாரம் வரை தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய அண்ணனுக்கே மறந்துபோயிருக்கும். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, அப்பாவின் மூத்த தாரத்துப் பிள்ளை. இருந்தும் தாயில்லாத அவளை வளர்த்து, ஒருவன் கையில் பிடித்துக்கொடுத்தவன் அவன்தான். அவன் வீட்டை விட்டால் அவளுக்குப் பிறந்த வீடு என்று வேறு இல்லை. படகு பழுது பார்க்கிறவன். தண்ணீரை ஒட்டி ஒரு கொட்டகை வைத்திருந்தான்.

அவளுக்கு நகரசபையில் கரை வேலை. தண்ணீரும் அதை ஒட்டிய நிலமும் ஊர்ச்சனம் எல்லோருக்கும் பொது. நகரசபை அதற்குக் காவல்காரனே தவிர, சொந்தக்காரன் இல்லை. தண்ணீர் கிடந்த இடத்தைக் கல் கொட்டி மேடாக்கினாலும் அது பொதுவில்தான் சேரும். யாராவது அங்கே நீட்டிக் கட்டினால் அவள் போய் நீலச் சாயத்தில் கோடு போடுவாள். கோட்டுக்குத் தண்ணீர்ப் பக்கம் நிற்பதெல்லாம் இடிபட வேண்டும். உறவுக்காரர் இடமென்றால் மட்டும் தான் போகாமல் கூட வேலை செய்பவரை அனுப்புவது அங்கே வழக்கம்.

அண்ணன் அலைக்குத் தடுப்பென்று கல் கொட்டினான். கல்மேல் மண் சேர்ந்தது. மண்மேல், கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கென்று ஓர் அறை எழும்பியது. வழக்கப்படி அவள் கூட வேலை செய்யும் மொட்டையனை அனுப்பினாள். அவன் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஒங்க அண்ணன் எனக்கும் அண்ணன் மாதிரிதானேக்கா. அறைக்கு அந்தப் பக்கமா, தண்ணியோரத்துல கோட்ட இழுத்துட்டேன். நிம்மதியா இருங்க."

நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். அவளுக்குத்தான் அது ஒப்பவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தாள். கூடைக்காரி ஒருத்தி தலைச்சுமையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அறையைச் சுற்றிக்கொண்டு போனாள். அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது? சாய டப்பாவைத் திறந்தாள்.

முதலில் வெளியே வந்தது அண்ணி.

"வாங்க நாத்தனாரே! வெள்ளையடிக்க நாங்க ஆளே கேக்கலையே?"

"கோடு தப்பா இருக்கு அண்ணி. மாத்திப் போடணும்."

"வளத்த கடா மார்ல பாயும்னு சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

அண்ணன் உளியைக் கீழே வைத்தான். "அவன்தான் போட்டுட்டுப் போயிட்டானே. ஒனக்கென்ன நோவு?"

"அவன் எனக்காகப் போட்டான் அண்ணே. எனக்காக ஊரு எதுக்குத் தண்ணில நடக்கணும்?"

"சரி, போடு. போட்டுட்டு, இனிமே இந்த வாசப்படி ஏறாத."

அவள் குனிந்து கோட்டை இழுத்தாள். கொட்டகையின் பின்சுவர் அடியில் கோடு ஓரிடத்தில் வளைந்தே போயிற்று.

அறையை அண்ணனே இடித்தான், வேறு ஆள் கைவைக்க விடவில்லை. மகன் வாடகை வீட்டில் குடித்தனம் வைத்தான். அந்தக் கல்யாணத்துக்கு அத்தைக்கு அழைப்பு இல்லை. மொட்டையனுக்கு வந்தது.

வாசற்படிதான் ஏறக் கூடாது. கரையில் நடக்க யார் தடை சொல்வது? தினமும் அந்த வழியாகத்தான் போனாள். ஒரு நாள் அண்ணன் கவிழ்த்துப்போட்ட படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் படகைப் பார்த்துச் சொன்னான்:

"கரைக்காரம்மா வர்றாங்க. பொது எடத்துல மூக்க நீட்டிக்கிட்டுக் கெடக்காத, ஒதுங்கு."

அவளும் படகைப் பார்த்தே சொன்னாள்: "தார் காயற வரைக்கும் கெடக்கட்டும். அப்புறம் உள்ள இழுத்துக்கச் சொல்லு."

மறுநாள் படகு உள்ளே போயிருந்தது. துடுப்பு ஒன்று மட்டும் கோட்டுக்கு வெளியே கிடந்தது. அண்ணன் மறதிக்காரன் இல்லை. அவள் இன்றைக்கும் நின்று ஏதாவது சொல்ல வேண்டுமே.