துபாயிலிருந்து நாலு மணி நேரம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். திருவொற்றியூரில் மளிகைக் கடை நடத்திய தேவகிருபைக்கு, 2004ஆம் வருஷம், பட்டப்பகலில் நடந்தது இது. இன்றைக்கும் அவள் எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போவதில்லை.

அவள் கணவன் ஆசீர்வாதத்துக்குத் துபாயில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. அவன் விமானம் ஏறியபோது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. மகள் ஷிஜிக்கு இரண்டரை வயதாகியும், அப்பா என்றால் போனில் கேட்கும் குரல் மட்டும்தான்.

அன்று காலை பத்து மணிக்குக் கடை போன் அடித்தது.

"ஏளா கிருபை... ஏறப் போறேன். மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரந்தான். பிள்ளையக் கூட்டிட்டு வா."

குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. விமான நிலையத்து இரைச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

பிள்ளையோடு, தெருவில் வாடகை வண்டி ஓட்டும் வரதனின் ஆம்னி வேனில் கிளம்பினாள். விமானம் கடலையே தாண்டிவிடும், இந்தச் சாலையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. காசிமேட்டருகே வேன் அசையவே இல்லை.

"நீ குந்து யக்கா. முன்னால இன்னா பேஜாருன்னு பாத்துகினு வரேன்" என்று வரதன் இறங்கிப் போனான்.

அவன் போனதும் இரு பக்கமும் இரண்டு டிரெய்லர்கள் ஒட்டி வந்து நின்றன. வலப்பக்கம் நீலக் கண்டெய்னர். இடப்பக்கம் சிவப்பு. கதவை இழுத்துப் பார்த்தாள். இறங்க ஒரு சாண் இடம்கூட இல்லை. உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை.

டொக்.

சிவப்புப் பெட்டிக்குள்ளிருந்து...

டொக்... டொக்...

ஷிஜி ஜன்னலில் காதை வைத்தாள்.

"அப்பா போன்" என்றாள்.

தேவகிருபை பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் இப்போது கடலுக்கு மேலே அல்லவா பறந்துகொண்டிருக்கிறான்...

"ஏளா..."

அவன் குரலேதான்.

"கதவத் திற, கிருபை. மூச்சு முட்டுது."

ஹாரனை அழுத்தினாள். சுற்றிலும் நூறு ஹாரன்கள். யாருக்குக் கேட்கும்?

ஜன்னல் வழியே கையை நீட்டித் தொட்டாள்.

உச்சி வெயிலில் நின்ற இரும்பு.

ஐஸாகச் சில்லிட்டது.

டொக்...

அவள் உள்ளங்கையிலேயே அதிர்ந்தது.

வரிசை நகர்ந்தது. ஓடி வந்த வரதனை அந்தச் சிவப்பு வண்டியைத் துரத்தச் சொன்னாள். துறைமுக வாசலில் டிரைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்து காட்டினார்.

காலிப் பெட்டி.

மீனம்பாக்கத்தில் துபாய் விமானத்துக் கூட்டம் முழுவதும் வெளியே வந்து முடிந்தது. ஆசீர்வாதம் வரவில்லை.

அன்று மாலை, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மதார் சாகிப் போன் செய்தார். ஊருக்குக் கிளம்பும் முன், முந்தின நாள் கடைசி ஷிப்டுக்குப் போயிருக்கிறான். பெட்டிக்குள் அவன் இருப்பது தெரியாமல் யாரோ கதவைப் பூட்டிவிட்டார்கள். ராத்திரியே மூச்சுத் திணறி இறந்திருக்கிறான். இன்று மத்தியானம்தான் பார்த்தார்களாம்.

காலையில் அவர் என்னோடு பேசினாரே என்றாள் தேவகிருபை.

மதார் சாகிப் மெல்லச் சொன்னார்:

"அந்தப் பொட்டி, இன்னிக்குச் சென்னைக்குக் கப்பல் ஏத்த வச்சிருந்ததும்மா."