பாஸ் செல்லாத பஸ்

1997-இல் நான் உத்தமபாளையத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வீடு கம்பத்தில். அப்பாவுக்கு மார்க்கெட்டில் வாழைத்தார் ஏற்றும் வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு பஸ்ஸில் இலவச பாஸ் கொடுத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் சில்லறைக்கு அல்லாட வேண்டாமே!

"இனிமே உனக்குக் காசு எதுக்கு? அட்டையக் காட்டு, போயிக்கிட்டே இரு" என்றார். அதோடு என் பையில் காசு வைக்கும் பழக்கமே போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்குப் போன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, கம்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே வரவும். ஓடிப்போய், புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். அது தனியார் பஸ் என்பது கண்டக்டரிடம் பாஸை நீட்டிய பிறகுதான் உறைத்தது.

"இது பிரைவேட் வண்டி பாப்பா. இதெல்லாம் இங்கன செல்லாது."

"எங்கப்பாவுக்கு நெஞ்சுவலிண்ணே, ஆஸ்பத்திரில கெடக்காக..."

"தினம் ஒரு கதை சொல்லுதீக. எறங்கு."

பாதி வழியில், அனுமந்தன்பட்டியில் இறக்கிவிட்டார். அத்தனை பேர் இருந்த பஸ்ஸில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. விசில் அடித்து வண்டி நகர்ந்த பிறகு, முக்காடு போட்ட ஒரு அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கத்தினார்.

"ஏம்ப்பா நிப்பாட்டு, பிள்ளைக்கு நான் டிக்கெட் எடுக்கேன்!"

அவர் கையில் ரூபாய் நோட்டு இருந்தது. பஸ் நிற்கவில்லை.

யாரிடமாவது கேட்கலாம் என்றால், வெயிலில் ரோட்டில் ஈ காக்கை இல்லை. அரசு பஸ் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் போகும்போது எதிரே ஒரு ஜீப் ஹாரன் அடித்தபடியே பறந்தது. நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தை மட்டும் நின்றார். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதார்.

"இப்பத்தாண்டி ஜீப்புல மதுரைக்குக் கொண்டுபோறாக. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே போனாக."

அப்பா மதுரை போய்ச் சேரவில்லை. ஆண்டிபட்டி தாண்டும்போதே உயிர் பிரிந்துவிட்டது.

அந்தக் கண்டக்டரை எத்தனையோ நாள் வயிறெரியத் திட்டியிருக்கிறேன். இப்போது கோபம் ஆறிவிட்டது, வலிதான் ஆறவில்லை. பஸ்ஸில் யாராவது டிக்கெட்டுக்குக் கையைப் பிசைந்தால், உண்மையா பொய்யா என்று நான் யோசிப்பதில்லை. கொடுக்க மனசு இருந்தும் ஒரு நிமிஷம் தாமதித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.