அடிக்காமல் ஓடிய பன்னிரண்டு கிலோமீட்டர்

இரும்புக்காரியிடம் திருடத் துணிந்தவன் ஒருவன்தான். அவன் பல் இரண்டு அவள் கை முட்டியில் குத்தி நின்றன.

அன்று அவள் தன் பழைய இரும்புக் கடையில் எரிந்துபோன மோட்டார் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தாள். உளியை வைத்துச் சம்மட்டியால் போட்டால் சுருளின் தலை அறுந்து விழும். பிறகு மறுபக்கம் குறடு போட்டு இழுத்தால் செம்புக் கம்பி கொத்தாக வரும். ஆம்பிளைகளுக்கு மூன்று அடி. அவளுக்கு ஒன்று போதும், அது ஊருக்கே தெரியும். தராசில் கிடந்த செம்புக் கம்பிக் கட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் ஓடினான். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவள் துரத்தினாள். வைத்தது அவன் பெற்றோர் செய்த புண்ணியம். பேருந்து நிலையம் தாண்டி, ஆஸ்பத்திரி மதில் தாண்டி, ரயில்வே கேட்டில் அவன் பிடரியைப் பிடித்தாள். அவன் மூஞ்சி வேண்டிய அளவு வீங்கியபிறகு, செம்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

கையில் கட்டுப் போட்டது மருந்துக்கடைக்காரர்.

"எதுவரைக்கும் துரத்துனீங்க?"

"ரயில்வே கேட் வரைக்கும் சார்."

"அது மூணு கிலோமீட்டர்மா. நடுவுல எங்கயும் நிக்கலையா?"

"அவன் நிக்கலையே."

மருந்துக்கடைக்காரர்தான் ஊர் ஓட்டப்பந்தயச் சங்கத்தின் செயலாளர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர். கட்டுத் துணியின் முடிச்சை இறுக்கும்போதே அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்.

பதினோரு வயதில் சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் தகரம் பொறுக்க வந்தவள் அவள். முப்பதில் சொந்தத் தராசு, முப்பத்தைந்தில் சொந்தக் கொட்டகை. யாரும் அவளைக் கைதூக்கி விடவில்லை. மிதித்தவர்கள் உண்டு, அவர்கள் காலை அவள் மறக்கவில்லை. அப்படி வளர்ந்தவளுக்கு ஓட்டம் என்பது புது ருசி. சமையல் கணவருக்கு, சம்பாத்தியம் பிள்ளைகளுக்கு. ஓடுகிற ஒரு மணி நேரம் மட்டும் அவளுக்கே அவளுக்கு. நாற்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்று அவளுக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை.

விடியற்காலையில் புறவழிச் சாலையில் ஓடுவாள். முதல் வாரம் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வியது. தாடையைப் பிளந்து காலை உருவிக்கொண்டு மிச்சத் தூரத்தையும் ஓடிவிட்டுத்தான் ஊசி போடப் போனாள். இரண்டாம் வாரம் பைக்கில் வந்த ஒருவன் போகிற போக்கில் அவள் இடுப்பைக் கிள்ளினான். பைக்கின் பின் கம்பியைப் பிடித்து ஒரு இழு. பைக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் எழுந்தபோது ஒரு மிதி, உட்கார்ந்தபோது ஒரு மிதி. அந்தச் சாலையில் அதற்குப்பிறகு பெண்பிள்ளைகள் தைரியமாக ஓடுகிறார்கள். அதற்கு யாரும் அவளுக்குச் சிலை வைக்கவில்லை.

ஆனால் பந்தயம் வேறு, தெரு வேறு. அவளுடைய மூன்றாவது பந்தயத்தில், துவக்கக் கோட்டு நெரிசலில், ஒரு பெண்ணின் முழங்கை இவள் விலாவில் இறங்கியது. தெரிந்து இடித்தாளோ தெரியாமல் இடித்தாளோ, இரும்புக்காரி அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் மூக்குத்தண்டு உடைந்தது. சங்கம் கூடியது. செயலாளர் எழுதியதை வாசித்தார்.

"ஒரு வருஷம் நீங்க ஓடக்கூடாது. அதுக்கப்புறம் பந்தயத்துல ஒரு தடவை கை ஓங்குனாலும் ஆயுசுக்கும் கிடையாது. அடிக்கணும்னு இல்லம்மா, ஓங்குனாலே போதும்."

அந்த ஒரு வருஷம் அவள் தனியாக ஓடினாள். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து மோட்டார் உடைத்தாள். அன்றைக்கு அவள் உடைக்கிற உடைப்பில் உளிகூட மிஞ்சாது.

வருஷம் முடிந்து மறுபடி பெயர் கொடுத்தபோது முதலில் சிரித்தவள் அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. பெண்கள் சிறையில் காவலாளி. நாலு வருஷமாக அந்த நாற்பது வயதுப் பிரிவின் கோப்பை அவள் வீட்டு அலமாரியில்தான். அண்ணியின் ஓட்டம் எப்படி என்று அவளுக்குத் தெரியும், ஆகவே பயம். அண்ணியின் கை எப்படி என்றும் தெரியும், ஆகவே தைரியம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கணவர். லேத் பட்டறையில் வேலை, பேச்சு குறைவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அவருக்கு ஒரு பக்கம் சம்மட்டி, ஒரு பக்கம் லத்தி. யார் பக்கமும் சேராமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்தாவது கிலோமீட்டரில், எல்லாரும் திரும்பும் இடத்தில், ரப்பர் வளையம் மாட்டிவிடும் வேலையை வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பே திரும்பி ஏமாற்றாமல் இருக்கச் சங்கம் வைத்த ஏற்பாடு அது. மணிக்கட்டில் சிவப்பு வளையம் இல்லாமல் முடிவுக் கோட்டைத் தொட்டால், தொட்டதும் ஒன்று, வீட்டில் படுத்திருந்ததும் ஒன்று.

பந்தயத்தன்று துவக்கத்திலேயே நாத்தனார் அவள் குதிகாலை மிதித்தாள். இரண்டாவது கிலோமீட்டரில் இவள் தண்ணீர் குடிக்கக் கை நீட்டியபோது, முழங்கையால் இவள் வாயில் ஒன்று வைத்தாள். உதடு கிழிந்து ரத்தம் கழுத்துவரை இறங்கியது.

"கை தவறிடுச்சு அண்ணி."

இரும்புக்காரி ரத்தத்தை விழுங்கிக்கொண்டு ஓடினாள். நாலாவது கிலோமீட்டரில் நாத்தனாரை முந்தினாள். திரும்பும் இடத்தில் கணவர் வளையத்தை மாட்டும்போது உதட்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார், அதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆறாவது கிலோமீட்டரில் சாக்கடைப் பாலம். பைக்கில் வரும் கண்காணிப்பாளர் அப்போதுதான் அவர்களைத் தாண்டி முன்னால் போயிருந்தார். பின்னாலிருந்து பாய்ந்து வந்த நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். கைதிகளை முறுக்கிப் பழகிய கை. நாலு நகமும் தோலை உழுதன. வளையம் அறுந்தது. அதைச் சாக்கடையில் விட்டெறிந்துவிட்டு, கணுக்காலில் ஒரு உதையும் கொடுத்தாள்.

"அடிங்க அண்ணி. உங்களால அடிக்காம இருக்க முடியாது. அடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க." பிறகு முன்னால் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். "சார், இங்க கொஞ்சம் பாருங்க சார்."

இரும்புக்காரியின் கை தோள்வரை வந்துவிட்டது. கண்காணிப்பாளர் பைக்கை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புகிறார். அவருக்கு அது தெரிய அரை நொடி போதும். அந்த அரை நொடிக்குள் கை பக்கவாட்டில் போய் பாலத்தின் தகரப் பலகையில் இறங்கியது. பலகை குழிந்தது, முட்டித்தோல் உரிந்தது. கண்காணிப்பாளர் பார்த்தபோது ஒருத்தி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பின்னால் திரும்பி, வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தாள்.

எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். "அக்கா, கோடு அந்தப் பக்கம்." அவள் நேராகத் திரும்பும் இடத்துக்கே ஓடினாள். கணவர் வளையப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"உங்க தங்கச்சி பிடுங்கிட்டா."

அவர் அவள் கையைப் பார்த்தார். நகக் கீறல், உரிந்த முட்டி. "அடிச்சுட்டியா?"

"அடிச்சிருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

அவர் ஒரு வளையத்தை மாட்டினார். இன்னொன்றை மாட்டினார். மூன்றாவதையும் மாட்டினார். "எத்தனை பிடுங்குவா பார்க்கலாம்."

கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவர் ஒரு பக்கம் சேர்ந்தது அதுதான் முதல் முறை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்தது.

மிச்ச ஐந்து கிலோமீட்டரையும் வீங்கிய கணுக்காலோடு ஓடினாள். நின்று நடந்தவர்களை முந்தினாள். சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேரை முந்தினாள். முடிவுக் கோட்டைத் தொட்டபோது தன் பிரிவில் பத்தொன்பதாவது இடம். எல்லாரும் பத்து ஓடினார்கள், அவள் பன்னிரண்டு. படித்தவர்கள் அதையும் பத்தொன்பதாவது என்றுதான் எழுதுவார்கள்.

செயலாளர் மருந்துப் பெட்டியோடு வந்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது விழுந்து வந்த காயம் இல்ல. யார்னு சொல்லுங்க. அந்தப் பேரை நோட்டுலேருந்து இப்பவே அடிச்சுடறேன், ஆயுசுக்கும்."

இரும்புக்காரி தூரத்தில் பார்த்தாள். நாத்தனார் கோப்பையை மடியில் வைத்து, கால்களை வாளித் தண்ணீரில் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்ந்தது. ஆனால் அவள் இல்லாத பந்தயத்தில் முதலில் வந்து என்ன பிரயோசனம்?

"பேர் தெரியல சார்."

"பின்னால வந்தவங்களா?"

"தெரியல சார். ஒண்ணு கேக்கணும். பந்தயம் முடிஞ்சிருச்சா?"

"உங்களுக்கு முடிஞ்சிருச்சும்மா."

"முன்னாடி வந்தவங்களுக்கு?"

"எப்பவோ முடிஞ்சிருச்சு. ஏன்?"

அவள் அவர் கையிலிருந்த பஞ்சை வாங்கி உதட்டைத் துடைத்துக்கொண்டு நேராக வாளிப் பக்கம் நடந்தாள். நாத்தனார் நிமிர்ந்தாள். ஒரே அறை. மோட்டார்ச் சுருளின் தலையை அறுக்கிற அதே வாகு. நாற்காலி ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம், நாத்தனார் வாளிக்குள் பாதி. எழுந்தவளும் சும்மா இல்லை, வாளியைத் தூக்கி அண்ணியின் முழங்காலில் அடித்தாள். பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு செயலாளர் ஓடி வந்தார்.

"எழுதாதீங்க சார்," என்றாள் இரும்புக்காரி. "கோட்டுக்கு இந்தப் பக்கம் இது எங்க வீட்டு விஷயம்."

செயலாளர் நாத்தனாரைப் பார்த்தார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அண்ணி தன் பெயரைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா சார். வீட்டு விஷயம்." பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "அடுத்த மாசம் வர்றீங்களா அண்ணி?"

"வர்றேன். நகத்தை வெட்டிட்டு வா."