ஊசிக்கு ஆள் அனுப்பிய பெரியப்பா

பிள்ளைகளா, நேற்று தம்பிக்கு ஊசி போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று சிரித்தீர்களே, எங்கள் பெரியப்பா கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். திருமயத்தில் ஒரு டாக்டர், வைத்தியம் போக, மாதப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைக் கதைகளும் எழுதிவந்தார். காய்ச்சலில் படுத்த பெரியப்பாவை அவர் தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். முதல் ஊசியிலேயே வெலவெலத்துப்போன பெரியப்பா, மறுநாள் தனக்குப் பதிலாகப் பண்ணையாளை அனுப்பிவைத்தார். எங்கள் பக்கத்தில் நேர்ந்துகொண்ட காவடியைச் சிலர் ஆள் வைத்து எடுப்பதுண்டு. "காவடிக்கு ஆள் வைக்கலாம், ஊசிக்கு வச்சா ஆகாதா?" என்பது அவருடைய நியாயம்.

அடுத்த இதழில் அது கதையாக வந்துவிட்டது. பெயர் இல்லை, ஆனால் அவருடைய மீசையும் வில்வண்டியும் அப்படியே இருந்தன. சலூனில் ஒருவர் உரக்கப் படிக்க, கடைத்தெருவே சிரித்தது. "ஊசிக்கு ஆள் வேணுமா மாமா? நான் வாரேன்!" என்று ஒருவன் கூவினான். பெரியப்பா வீட்டுக்கு வந்ததும், "இனிமே நம்ம ஆளுக யாரும் அந்த டாக்டர் வாசப்படிய மிதிக்கப்படாது" என்றார். அவர் சொல்லை மீறி எங்கள் வீட்டில் அடுப்புக்கூட எரியாது.

அந்த மாதமே என் தங்கைக்குத் தொண்டையடைப்பான் கண்டது. மூச்சு சீழ்க்கை போல இழுத்தது. ஆத்தா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா முன்னால் வந்து நின்றார். பெரியப்பா தங்கையின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தார். எழுந்துபோய் மாட்டைப் பூட்டினார்.

நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். "மூச்சு விடு தாயி, மூச்சு விடு" என்று ஆத்தா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இடையிடையே தங்கையின் இழுப்பு நின்றுபோகும். அப்போதெல்லாம் பெரியப்பா திரும்பிப் பார்க்காமலே மாட்டை அடித்தார்.

எங்களைக் கண்டதும் டாக்டர் எழுந்துவிட்டார்.

"என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க. புள்ளையக் காப்பாத்துங்க" என்றார் பெரியப்பா.

நல்லவேளையாக மருந்து இருந்தது. டாக்டர் அதை ஊசியில் ஏற்றினார். சட்டென்று பெரியப்பா குறுக்கே வந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி நீட்டினார்.

"டாக்டரய்யா, அவ தாங்கமாட்டா. எனக்குப் போடுங்க. எத்தன வேணும்னாலும் போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கு வழி இருந்தாப் போட்டுருவேங்க" என்று பெரியப்பாவின் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். உங்கள் அத்தைதான்.

அடுத்த இதழ் வந்த அன்று, ஆளில்லாத நேரம் பார்த்துச் சலூனுக்குப் போனேன். பக்கம் பக்கமாகத் தேடினேன். டாக்டர் வேறு எதைப் பற்றியோ எழுதியிருந்தார். முன்னதைவிடச் சிரிப்பான இந்தக் கதையை எப்படி விட்டார் என்று எனக்கு விளங்கவேயில்லை. அந்த மாத இதழ்தானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.