எல்லை தாண்டி வந்த படகு

என் அக்காவின் மாந்தோப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆந்திரப் பக்கம் நாகலாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் கிடக்கும் ஏரி அது. தண்ணீர் குறைவான வருடங்களில் ஏரியின் நடுவே வண்டிப்பாதை தெரியும். அக்கா டிராக்டரிலேயே போய் வந்துவிடுவாள். தொடர்ந்து நல்ல மழை பெய்ததில் அந்தப் பாதை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மலையோரமாகச் சுற்றிப் போகும் வழியையும் ஓடை அறுத்துவிட்டதால் வண்டி போகாது. மருந்தடிக்கும் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு எத்தனை முறை நடப்பது? பூவெடுக்கிற நேரத்தில் மருந்து அடிக்காவிட்டால் தத்துப்பூச்சி மொத்தப் பூவையும் கருக்கிவிடும்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒருநாள் அக்கா போன் செய்தாள்.

"ஒரு படகு வாங்கிடலாம்னு கீறேன். பழவேற்காட்டுல ஒருத்தர் விக்கறாராம். நீ லீவு போட்டுக்கினு வா."

"படகா? உனக்கு நீச்சலே தெரியாதேக்கா."

"ஒனுக்கும்தான் தெரியாது. நீந்தத் தெரிஞ்சா நான் எதுக்குடி படகு வாங்கப் போறேன்?"

நான் திருப்பதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை முழுக்கப் படிக்கிற ஆள் ஊரில் நான் ஒருத்திதான் என்று என் கணவர் கேலி செய்வார். படகு என்றதும் எனக்கு அதே அரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் படகு ஆந்திரா ஏரியில் மிதக்கலாமா? காருக்கு இருப்பதுபோல் படகுக்கும் நம்பர் உண்டா? மாநிலம் மாறினால் மாற்ற வேண்டுமா?

கடைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரும், நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று பதில் சொன்னார். மோட்டார் வைத்த படகு என்றால் இப்போது நாடு முழுக்க ஒரே சட்டம்தானாம். ஒரு மாநிலத்தில் பதிந்தால் மற்ற மாநிலத்திலும் செல்லும். துடுப்புப் போடுகிற சின்னப் படகென்றால் உள்ளூர் பஞ்சாயத்தில் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். ஏரியில் இறக்க நீர்ப்பாசனத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "அதி சரேகானி, லைஃப் ஜாக்கெட் உந்தா?" என்று கடைசியில் கேட்டார். அதெல்லாம் சரி, ஜாக்கெட் இருக்கிறதா என்று. ஜாக்கெட்டை நான் யோசிக்கவே இல்லை.

நகரியில் தறிகளுக்குப் பாவு நூல் ஏற்றிப்போகிற ஒரு குட்டியானை வண்டிக்காரரைப் பேசிக்கொண்டு, அக்காவும் நானும் ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். படகு நீல நிறம். ஃபைபரில் செய்தது. முன்னும் பின்னும் உட்கார ஒரு பலகை; அந்தப் பலகைகளின் கீழே மூடிய பெட்டி. படகுக்காரர் பெரிய மோட்டார் படகு எடுத்துவிட்டதால் இதை விற்கிறார். அக்கா படகைச் சுற்றி வந்து, மாடு வாங்குகிறவள் போல் அங்கங்கே தட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டில இன்னா வெக்கறது? சாப்பாட்டுக் கூடையா?"

"ஒண்ணும் வெக்கக் கூடாதும்மா. அது காத்துப் பெட்டி. படகுல தண்ணி ரொம்பிட்டாலும் அது முழுக வுடாது."

படகைப் பேசி முடித்துவிட்டு லைஃப் ஜாக்கெட் வாங்கப் போன கடையில்தான் சண்டை வந்தது. ஜாக்கெட்டின் உட்புறம் தைத்திருந்த துணித்துண்டில், எவ்வளவு எடை உள்ள ஆளுக்கு அது என்று எழுதியிருந்தது. அக்காவின் எடையைக் கேட்டேன். அவள் கடைக்காரரையும் வண்டிக்காரரையும் பார்த்தாள், என்னை முறைத்தாள்.

"எது பெருசோ அத எடு."

"பெருசா இருந்தா தண்ணில அது மட்டும் மேல வந்துடும்க்கா. நீ கீழ இருப்ப."

அக்கா என் காதருகே வந்து எடையைச் சொன்னாள். இதுவரை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை என்றும் சொன்னாள். பட்டைகளையெல்லாம் இறுக்கி, தோள்பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். காதுவரை ஏறவில்லை. மூச்சும் முட்டவில்லை. ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கழுத்துப் பட்டையில் ஒரு விசில் தொங்கியது. அதை ஊதி, கடைத்தெருவில் போன எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தாள். இன்னும் இரண்டு சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

படகு வண்டியை விட நீளம். வண்டிக்காரர் பாவு கட்டுகிற பட்டைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அடியில் பழைய சாக்கு வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணியைக் கட்டினார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இறங்கி, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது.

ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா எல்லையில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் ஒருவர் வந்து படகைப் பார்த்தார். அரிசி, மணல், சரக்கு என்று பார்த்துப் பழகிய கண்கள் ஒரு கணம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றன.

"ஏமம்மா, ஈ படவ எக்கடிகி?"

படகு எங்கே போகிறது என்று கேட்டவருக்கு அக்கா தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாகத் தோப்பின் கதையைச் சொன்னாள். விற்றவர் கொடுத்த ரசீதை நான் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் டீக்கடையிலிருந்து நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் இதில் எத்தனை பேர் ஏறலாம் என்றார். இன்னொருவர், மோட்டார் இல்லாத படகுக்கு எதற்கு விசாரணை என்றார். காவலர் எல்லோரையும் கையமர்த்தினார்.

"இந்தப் படகுல இருந்து சின்னப் புள்ளைங்க விழுந்துட்டா இன்னா செய்வீங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"புள்ளைங்கள ஏத்த மாட்டோம் சார். நாங்களே ஜாக்கெட் போட்டுக்கினுதான் ஏறுவோம்" என்றாள் அக்கா. சொன்னதோடு நில்லாமல் இறங்கி ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். காவலர் சிரித்துவிட்டார். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பின்னால் வருகிறவன் மண்டையை இடித்துக்கொள்ளாமல் இருக்க, இருட்டுவதற்குள் போய்ச் சேரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மறுநாளே படகைத் தண்ணீரில் இறக்கத் தயாராக இருந்தாள். நான் விடவில்லை. ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் படகைக் கொண்டுபோகும்போது கழுவி, வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே இறக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அடியில் ஒட்டியிருக்கும் பாசியும் சிப்பியும் புது இடத்தில் பெருகிவிட்டால் பிறகு ஒழிக்க முடியாதாம்.

படகைக் களத்தில் கல் முட்டுக்கொடுத்துச் சாய்த்துப் போட்டோம். அடிப்பக்கம் விரல் நகம் போன்ற சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். சுருட்டி வைத்திருந்த கயிற்றை உதறியபோது உள்ளிருந்து ஒரு நண்டு விழுந்தது. பழவேற்காட்டிலிருந்து உயிரோடு வந்திருக்கிறது!

"பாவம்டி, ஏரில வுட்டுடலாம்" என்றாள் அக்கா.

"அதத்தான் செய்யக் கூடாதுன்னு இவ்ளோ நேரமா சொல்லிக்கினு கீறேன்."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் அக்காவின் சேவல் அதைக் கொத்திக்கொண்டு ஓடிவிட்டது.

வெயில் நன்றாகவே அடித்தது. இருந்தும் முன்பலகைக்குக் கீழே ஒரு மூலை மட்டும் ஈரமாகவே இருந்தது. துடைத்தால் மறுபடி ஈரம். பனியாக இருக்கும் என்றாள் அக்கா. மத்தியான வெயிலில் எந்தப் பனி? குனிந்து பார்த்தேன். சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பனியில் உப்பு இருக்காது. அது பழவேற்காட்டுத் தண்ணீர்தான். காற்று மட்டும் இருக்க வேண்டிய பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டு அவள் நாக்கிலும் ஒரு சொட்டு வைத்தேன். அவள் முகம் மாறியது.

"அப்போ அந்தப் பெட்டி நம்மள காப்பாத்தாதா?"

"தண்ணி புடிச்ச பெட்டி எப்படிக்கா காப்பாத்தும்?"

பெட்டியின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். விற்றவரிடம் போன் போட்டுச் சொன்னோம். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். புத்தூரிலிருந்து, ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளை ஒட்டித் தருகிறவர் வந்தார். சின்னதாகத் துளை போட்டு உள்ளே இருந்த தண்ணீரை முழுக்க வடித்து, காயவிட்டு, பிசின் தடவி அடைத்தார். அந்த நெடியில் சேவல்கூடக் களத்துப் பக்கம் வரவில்லை.

தோப்பில் பூ தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது. அக்கா என்மேல் எரிந்து விழுந்தாள். "பூ வந்துடுச்சி. நீ படகக் காயவெச்சிக்கினு உக்காந்துக்கினு கீற." நான் லீவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டியது பிடித்ததா என்று தெரியாமல் அவளை ஏற்றிவிட எனக்கு மனமில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் படகை இழுத்துப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை உள்ளே ஊற்றினோம். மாடு கழுவ வந்தவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள்.

"படகையே குளுப்பாட்டறாங்கடா!"

ஊற்ற ஊற்றப் படகு இறங்கியது. விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. ஆனால் அதற்குமேல் அது இறங்கவில்லை. தண்ணீர் நிரம்பிய படகு, தாம்பாளம் போல் மட்டமாக மிதந்தது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்துத் தொங்கினோம். அப்போதும் மிதந்தது. அக்கா உள்ளே கையை விட்டுப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். பிறகு தண்ணீரை இறைத்துக் கொட்ட அவளே முதல் வாளியை எடுத்தாள்.

பஞ்சாயத்தில் சொல்லி, நீர்ப்பாசனத் துறையிலும் கேட்டுக்கொண்டோம். சில நாள் கரையோரமாகவே துடுப்புப் போட்டுப் பழகினோம். இரண்டு பேரும் ஒரே பக்கம் போட்டால் படகு வட்டமடிக்கும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. பிறகு, காற்றில்லாத ஒரு காலையில் தோப்புக்குக் கிளம்பினோம். மெஷினையும் காலி ட்ரம்மையும் நடுவில் தாழ்வாக வைத்துக் கட்டினோம். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் திரும்பாவிட்டால் போன் செய்யும்படி மாமாவிடம் சொன்னோம். படகில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்பதை அக்காவிடம் போகும்போதே மூன்று தடவை சொன்னேன்.

எதிர்க்கரை நெருங்கிவிட்டது. தண்ணீரில் பாதி நின்றிருந்த ஒரு வேலமரத்தைப் பிடித்து இழுத்தால் சீக்கிரம் சேர்ந்துவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. எழுந்தாள். கிளை கைக்கு வந்தது. படகு காலுக்குக் கீழே நழுவிப் பின்னால் போனது. ஒரு கால் படகில், ஒரு கால் காற்றில். 'தொபீர்' என்று விழுந்தாள்.

தலை உள்ளே போனது. எனக்குக் கத்தவும் வரவில்லை, விசில் ஞாபகமும் வரவில்லை. அவள் பக்கம் சாய்ந்தால் நானும் விழுவேன் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது. படகுக்குள் மண்டியிட்டுத் துடுப்பை நீட்டினேன். அதற்குள் அக்கா மேலே வந்துவிட்டாள். இருமினாள். முகத்தில் வழிந்த முடியை ஒதுக்கினாள். ஜாக்கெட் அவளை மார்பளவுக்குத் தூக்கிப் பிடித்திருந்தது.

"துடுப்பப் புடிக்கா!"

"இருடி. இரு."

கையை அகல விரித்து, வானத்தைப் பார்த்தபடி மல்லாந்தாள். கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே வந்தன.

"நான் மெதக்கறேன்டி" என்றாள், யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிறவள் போல மெதுவாக. "காது உள்ள தண்ணி. ஆனா உன் குரல் கேக்குது. எப்படி?"

நான் துடுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவளோ கால்களை ஆட்டிப் பார்த்தாள். ஒரு கையை மட்டும் அசைத்தால் உடம்பு திரும்புகிறதா என்று பார்த்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய என் அக்கா, பிறந்ததிலிருந்து பார்த்து வந்த ஏரியில் முதல்தடவையாக மிதந்துகொண்டிருந்தாள். ஒருவழியாகத் துடுப்பைப் பிடித்துக் கரையேறியதும், சேலையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"எந்திரிச்சி நிக்கக் கூடாதுன்னு சொன்ன. ஏன் கூடாதுன்னு சொன்னியா?"

சொல்லவில்லைதான். குச்சியால் மண்ணில் படகை வரைந்து, எடை மேலே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

மருந்தடித்து முடிந்தபோது மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பி, ஏரி முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அக்காவே மாமாவுக்குப் போன் போட்டு, காற்று அடங்கின பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு மரத்தடியில் சாய்ந்தாள். பொழுது சாய்வதற்குள் காற்று நின்றது, திரும்பினோம்.

நான் திருப்பதிக்கு வந்து கொஞ்ச நாளில் மாமா கடைக்குப் போன் செய்தார்.

"உங்க அக்கா இன்னா பண்ணா தெரியுமா? இந்தக் கொஞ்ச தூரத்துக்கு எதுக்கு ஜாக்கெட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டேன். என்னைக் கரையிலயே வுட்டுட்டு, பக்கத்து நிலத்துக்காரம்மாவுக்கு அந்த ஜாக்கெட்ட மாட்டி ஏத்திக்கினு போய்க்கினே இருக்கா."

"இப்போ எங்க இருக்காங்க?"

"நடு ஏரில. விசில் ஊதி எனக்கு டாட்டா காட்டறா."