மாப்ளே என்று கூப்பிட்டால்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வரிசையில், வெயில் தாழ்ந்த பிறகு எந்த ஆம்பளையும் வீட்டில் தங்க மாட்டான். எல்லாரும் வாலிபால் மைதானத்தில்தான் இருப்பார்கள். ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்களெல்லாம் அபிப்பிராயம் சொல்கிறவர்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிக வேலையில் இருந்தார். அவரை எடுத்ததே அவர் கைக்காகத்தான். லேத் ஓட்டுகிற கைக்காக இல்லை, தொழிற்சாலை டீமுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிற கைக்காக. வாலிபாலில் பின்னாலிருந்து வருகிற பந்தை விரல் நுனியால் வலைக்கு மேலே ஏந்தி விடுகிறவரை லிஃப்டர் என்பார்கள். அதை அடிப்பது வேறு ஆள். கைதட்டல் வாங்குவதும் அந்த ஆள்தான். இடப்பக்கம் நிற்பவனுக்குக் கொடுப்பதா, நடுவில் நிற்பவனுக்குக் கொடுப்பதா என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டியது லிஃப்டர். ஆட்டம் தோற்றால் திட்டு மட்டும் தவறாமல் அவர் வீடு தேடி வரும்.

இடப்பக்கம் அடிப்பவர் என் சொந்த அண்ணன். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர், இவரைப் பார்த்துக் கட்டிக் கொடுத்தவர், இவருக்காகத் தொழிற்சாலையில் பேசி வேலைக்குச் சேர்த்தவரும் அவர்தான். நடுவில் நிற்பவர் பூந்தமல்லிக்காரர், நெட்டையான ஒரு கிறிஸ்தவர். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரி, ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். என் அண்ணன் அவருக்கும் சேர்த்துக் கத்துவார்.

தொடர்ந்து சில ஆட்டங்கள் தோற்றதும் ஊர் வாயைத் திறந்துவிட்டது. "அவன் மச்சானுக்கே தூக்கித் தூக்கிக் குடுத்துகினு கீறான்" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில்கூடப் பேச்சு. பொண்டாட்டி சொல்லி அனுப்புகிறாளாம். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. அண்ணனைக் கேட்டால் அவர் வேறு கதை சொன்னார்: "எனக்கெங்கே பந்து வருது பாப்பா? மோசமான பந்தெல்லாந்தான் வருது."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீம் செக்ரட்டரி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் குண்டைப் போட்டார்.

"இதோ பாரு நைனா. கரையான்சாவடி போட்டியில தோத்தோம்னா வேற லிஃப்டரைப் போடறதா மேல பேசிக்கினு கீறாங்க. டீம்ல இல்லாத ஆளை பர்மனென்ட் பண்ண மாட்டாங்க. அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

இவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை அவருக்கு. எனக்கோ கோபம் தலைக்கேறியது. ஊர் சொல்வது உண்மையா பொய்யா என்று என் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் ஒன்றும் ஆட்டம் தெரியாதவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் டென்னிகாய்ட் வளையம் எறிந்து கோப்பை வாங்கியவள். எதிராளி எந்தக் காலில் நிற்கிறாளோ, வளையத்தை அதற்கு மறுபக்கம் விட வேண்டும். அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் ஒழுங்காகப் படித்திருந்தேன்.

மைதானத்தின் ஒரு பக்கம் பூரா ஆம்பளைக் கூட்டம். எதிர்முனையில் குழாயடி இருந்தது. குடத்தோடு போய் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நான் பார்த்த இடம், மற்ற யாரும் பார்க்காத இடம்: எதிரணியின் முதுகுக்குப் பின்னால். அங்கிருந்து என் வீட்டுக்காரரின் முகமும் தெரிந்தது, அவரைத் தடுக்க நின்றவர்களின் கால்களும் தெரிந்தன.

முதல் நாளே அசந்து போனேன். மனுஷர் பந்தைப் பார்க்கவே இல்லை. பந்து கைக்கு வருமுன் ஒரு ஓரப்பார்வை, வலைக்கு அந்தப் பக்கம் நடுவில் நிற்கிறவனின் காலுக்கு. அவன் குதிகால் எந்தப் பக்கம் சாய்கிறதோ, பந்து அதற்கு மறுபக்கம் போகும். அண்ணன் பக்கம் ஆள் இல்லாதபோது அண்ணனுக்கு, நடுவில் இடம் கிடைத்தால் நெட்டையருக்கு. மச்சானாவது மண்ணாங்கட்டியாவது. என் டென்னிகாய்ட் பாடத்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே படித்து வைத்திருந்தார். குடம் நிரம்பி வழிந்து என் கால் நனைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொண்ட பிறகு அன்றைக்குத்தான் அவர்மேல் ஆசை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

அப்படியானால் ஏன் தோற்கிறார்கள்? அது ஆவடியிலிருந்து ஒரு டீம் வந்து ஆடியபோதுதான் தெரிந்தது. நல்ல பந்து வந்தவரை எங்கள் கை ஓங்கியிருந்தது. பின்னாலிருந்து ஒரு பந்து தாறுமாறாக வந்தது. இவர் விழுந்தடித்து ஓடினார். ஓரப்பார்வைக்கு நேரமில்லை. அந்த நேரத்தில் என் அண்ணன் "மாப்ளே" என்று ஒரு குரல் கொடுத்தார். பந்து நேராக அண்ணனுக்குப் போயிற்று. அங்கே ரெண்டு பேர் கையை உயர்த்திக்கொண்டு தயாராக நின்றார்கள். அடித்த பந்து அவர்கள் கையில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது.

எனக்கு முன்னால் நின்ற எதிரணிக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "மாமே, சொன்னேன் பாத்தியா. மாப்ளேன்னு கத்தினா நாம ரெண்டு பேரும் அங்க ஓடிட வேண்டியதுதான்."

மைதானத்தில் எல்லாரும் எல்லாரையும் மாமே, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது வெறும் வாய்ப்பழக்கம். ஆனால் மாப்ளே என்று கூப்பிட அங்கே ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. பெண் கொடுத்த ஆள், வேலை வாங்கிக் கொடுத்த ஆள் கூப்பிட்டால், இவர் காது யோசிக்கவே யோசிக்காது. ஊர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். "நல்ல பந்து வந்தா நீங்க பாத்துக் குடுக்கறீங்க. மோசமா வந்தா கேட்டுக் குடுக்கறீங்க. அவ்ளோதான் விஷயம்."

"அடுப்புகிட்ட குந்திகினு எனக்கு வாலிபால் சொல்லித் தர்றியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் என் வாயிலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. மறுநாள் காலையில் அவர் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். தலை முகமெல்லாம் சோப்பு, கண் இறுக மூடியிருந்தது. நான் குரலைக் கனமாக்கி, அண்ணன் மாதிரியே, "மாப்ளே" என்றேன்.

கையில் இருந்த சொம்பை அப்படியே என் பக்கம் நீட்டினார். தண்ணீரோடு.

"இன்னா, அண்ணன் கேட்டாரா சொம்பு?" என்றேன். "கண்ணுல சோப்பு இருந்தா நீ இப்படித்தான். கோர்ட்லயும் இதான் பண்ணிகினு கீற."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த சொம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சரி, மச்சான் கத்தறதை நிறுத்தச் சொல்லிடலாமா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் யோசனை கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நிறுத்தக் கூடாது. இன்னும் நல்லாக் கத்தணும்" என்றேன்.

அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மோசமான பந்து வரும்போது நீ கூப்பிடு, எகிறு, ஆனால் பந்து உனக்கு வராது என்று எந்த வாயால் சொல்வது? சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி, அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்துச் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அப்போ நான் வெறுங்காத்துல கத்தணும், அந்த நெட்டையன் அடிச்சுக் கைதட்டு வாங்கணும். இன்னா பாப்பா, உன் புருசன் சொல்லிக் குடுத்தாரா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. நான்தான் சொல்றேன். நீ கூப்ட்டா நம்ம ஆளுங்க மட்டும் இல்ல, எதிராளியும் ஓடி வர்றான். இந்த ஏரியாவுலயே வேற எவனுக்குக் கீது அந்த மரியாதை?"

 அண்ணன் தட்டை இழுத்துக்கொண்டார். "அதுவும் கரெக்டுதான்" என்றார். குழம்பு இன்னொரு கரண்டி கேட்டார்.

கரையான்சாவடியில் சாலையோரக் கடைகளுக்குப் பின்னால் இருந்த மைதானம். கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே வந்தது அதே ஆவடி டீம். நான் வழக்கம்போல எதிரணியின் பின்னால் நின்றேன். அங்கே குழாய் இல்லை, என் கையில் குடமும் இல்லை. ஒரு பொம்பளை சும்மா நின்று பார்க்கிறாள் என்று ரெண்டு பேர் முறைத்தார்கள். நானும் திருப்பி முறைத்தேன்.

ஆட்டம் இழுபறியாகவே போயிற்று. ஆளுக்கு ஒரு கேம் ஆன பிறகு, மூன்றாவதில் எங்களுக்கு ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. அப்போது வந்தது அந்தப் பந்து. பின்னால் நின்றவன் கையில் சரியாகப் படாமல், இடப்பக்கமாக எங்கேயோ எகிறிப் போனது. என் வீட்டுக்காரர் அதைத் துரத்திக்கொண்டு அண்ணன் பக்கத்துக்கே ஓடிவிட்டார். நெட்டையர் அவர் முதுகுக்குப் பின்னால், தூரத்தில். எதிரே அண்ணன். எந்த லிஃப்டரும் அங்கே அண்ணனுக்குத்தான் கொடுப்பான். செக்ரட்டரி அந்தப் பக்கக் கூட்டத்தில் தலையில் கை வைத்ததைப் பார்த்தேன்.

அண்ணன் வாயைத் திறந்தார். "மாப்ளே." பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். கூப்பிட்டதோடு விட்டாரா, ஓடி வந்து, தரையை உதைத்து, முழுசாக எகிறினார். எனக்கு முன்னால் இருந்த ரெண்டு பேரும் அவரை நோக்கிப் பறந்தார்கள். நடுவில் ஒரு ஈ காக்கா இல்லை.

இவர் பந்துக்கு அடியில் குனிந்திருந்தார். முகம் அண்ணனைப் பார்த்தே இருந்தது. குனியும் முன்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் கண் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த கால்களுக்குப் போய் வந்தது. அதை நான் பார்த்தேன். மைதானத்தில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. பந்து அவர் தலைக்கு மேலாக, பின்பக்கமாக, நிதானமாகப் போயிற்று. வாய் பேசாத மனுஷர் எழும்பி, யாரும் தடுக்காத பந்தை, என் காலடிக்குச் சற்று முன்னால் வந்து விழுகிற மாதிரி அடித்தார். புழுதி என் புடவையில் தெறித்தது. அந்தப் புடவையைப் பல நாள் துவைக்காமல் வைத்திருந்தேன்.

என்னை முறைத்தவர்களைப் பார்த்து நான் விசில் அடித்தேன். பள்ளிக்கூடத்தோடு மறந்துபோனது என்று நினைத்திருந்தேன், மறக்கவில்லை.

செக்ரட்டரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து இவர் தோளில் கை போட்டார். "நாளைக்கு வரும்போது ரெண்டு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கினு வா நைனா. பர்மனென்ட் ஃபாரத்துல ஒட்டணும்."

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் விருந்து. நெட்டையரும் வந்து, பேசாமலே நாலு ஆள் சோறு தின்றார். அண்ணன் எல்லாருக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி பார்த்தால் ஜெயித்ததே அவர் குரலால்தான். நான் மறுத்துப் பேசவில்லை, அதில் பாதி உண்மையும்கூட. சாப்பாட்டுக்கு நடுவில், மோர்ச் சட்டி தள்ளி இருந்ததால், "மாப்ளே, மோர்" என்று கையை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் சட்டியை எடுத்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நிதானமாக நெட்டையர் தட்டில் மோரை ஊற்றினார்.

"இல்ல மாப்ளே," என்றார் அண்ணன், "இப்போ நெசமாத்தான் கேக்கறேன்."