விற்பனைக்கு வந்த விமானமும் பூனையக்காவும்

விமானத்தை விற்கப் போகிறார்கள் என்று கேப்டன் வந்து சொன்னபோது பூனையக்கா உள்ளே தரைவிரிப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சரி என்றாள். மிச்சமிருந்த மூலையையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். துக்கமா, பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எதுவும் வரவில்லை என்பதுதான் உண்மை.

எட்டுப் பேர் உட்காரும் நடுத்தர ஜெட் அது. முதலாளி தொழில் விஷயமாகப் பறந்து பறந்து, கடைசியில் இனிப் பறக்கக்கூடாது என்று மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். மகன்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் வேண்டாம், தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தரகர் ஒருவர் வந்தார். பழைய கார் விற்கிறவரின் பேச்சுதான் அவர் பேச்சும்: சிங்கிள் ஓனர், அடிபடாத வண்டி, உள்ளே துளி வாடை கிடையாது. வாடை வராமல் பார்த்துக்கொண்டது யார் என்று அவர் விசாரிக்கவில்லை. பாவம், அவருக்கு ஆயிரம் வேலை.

பூனையக்கா என்பது மெக்கானிக்குகள் வைத்த பெயர். நடந்தால் காலடி கேட்காது. அவள் வேலை விமானப் பணிப்பெண் வேலை. அக்கம்பக்கத்தில் அதைச் சொன்னால் சினிமா மாதிரி ஏதோ கற்பனை செய்துகொள்வார்கள். சின்ன விமானத்தில் எல்லாம் ஒருத்திதான்: காபி போடுவதும் அவள், கழிப்பறை கழுவுவதும் அவள், இருக்கைத் தோலுக்கு எண்ணெய் தடவுவதும் அவள். முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டபோது ஒரே ஒரு விதிதான் சொன்னார். கூப்பிட்ட பிறகு வருவது வேலைக்காரத்தனம். கூப்பிடத் தோன்றுவதற்கு முன்பே பொருள் கையருகில் இருக்கவேண்டும். அந்த விதியை அவள் கரைத்துக் குடித்துவிட்டாள். யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும், தன் வேலையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று.

வீட்டிலும் அதே கதைதான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவருக்குச் சாவி தேடும் வேலையே வைக்கமாட்டாள். படுக்கையில் கிடக்கும் மாமியார் தலையை அசைத்தாலே தலையணை மாறிவிடும். கல்லூரிக்குப் போகும் மகள் மட்டும், "அம்மா, நான் கேக்குறதுக்கு ஏதாவது விட்டு வைம்மா" என்று கடிந்துகொள்வாள்.

அவளுடைய அம்மா இறந்தபோது அவள் ஆகாயத்தில் இருந்தாள். தரையிறங்கிய பிறகு கணவர் போனில் சொன்னார். அப்போது அவள் கையில் முதலாளியின் கோட்டு இருந்தது. கோட்டை மாட்டிவிட்டாள், வெளியில் குளிர் என்று மஃப்ளரையும் கொடுத்தாள், குப்பையைக் கட்டினாள். பிறகுதான் கிளம்பினாள். அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. அதிலிருந்து அவளுக்கு எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் விமானத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால், கையாவது தன் கை என்று தெரியும். அது போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். இந்த வயதில் பெரிய விமான நிறுவனங்கள் அவளை வாசலோடு அனுப்பிவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

விமானம் கை மாறினால் பைலட்டுகளைப் புது முதலாளியே வைத்துக்கொள்வதுண்டு. பணிப்பெண் விஷயம் அவர் இஷ்டம். அதனால் வாங்க வந்தவர்களை வெள்ளோட்டம் அழைத்துப் போகும் நாளில் கேப்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மனுஷன் நல்லவர். அவளுக்காக மெனக்கெட்டார்.

"இன்னிக்கு மட்டும் அவங்க கண்ணுல படுற மாதிரி இருங்கக்கா. நாலு வார்த்தை பேசுங்க. இத்தனை வருஷமா இந்த வண்டியில இருக்கேன்னு சொல்லுங்க."

காலையில் கணவரும் அதையே சொல்லி அனுப்பியிருந்தார். ஒரே ஒரு வாக்கியம்தான். 'இந்த விமானத்தை ஆரம்பத்திலேர்ந்து நான்தாங்க பார்த்துக்கிறேன்.' காபி இயந்திரத்தின் முன் நின்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வந்தவர்கள் கணவனும் மனைவியும். கூடவே தரகர். மேலே ஏறியதும் அந்த அம்மாள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் கைப்பிடியில் ஒரு சால்வை வந்து உட்கார்ந்தது. அந்த அம்மாளின் கணவர் சட்டைப் பையைத் தடவினார். மாத்திரைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் மேசைக்கு வந்தது. அவர் மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே குடித்தார். ஒரு முறை பூனையக்கா அந்த வாக்கியத்தோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். அவர் கண் செருகுவது தெரிந்தது. உடனே கை தானாகப் போய் விளக்கைக் குறைத்தது, ஜன்னல் திரையை இறக்கியது. தூங்கப் போகிறவரிடம் யாராவது பேசுவார்களா? வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அழைப்பு மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இறங்கும்போது அதை நினைத்து அவளுக்கு லேசாக ஒரு சந்தோஷம் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சந்தோஷம். அதையும் சொல்லியாகவேண்டும்.

படிக்கட்டருகே நின்று பேச்சு முடிந்தது. வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பைலட்டுகளும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். கேப்டன் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கேபினுக்கும் இங்கேயே அனுபவமுள்ள ஆள் இருப்பதாக ஆரம்பித்தார்.

புது முதலாளி மனைவியைப் பார்த்தார். சால்வை இன்னும் அந்த அம்மாளின் தோளில்தான் கிடந்தது. கெட்டவள் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"கேபினுக்குத் தனியா ஆள் எதுக்குங்க? இன்னிக்கு யாருமே இல்லாம எவ்வளவு நிம்மதியா வந்தோம். வேணுங்கிறது எல்லாம் கைக்கிட்டயே இருந்துச்சே."

கேப்டன் அந்த அம்மாளின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னால், ஒரு படி மேலே, அந்த அம்மாள் இருக்கையில் விட்டு வந்த கைப்பையோடு பூனையக்கா நின்றுகொண்டிருந்தாள். பேசு என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவளுக்கு அது புரிந்தது. நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. அம்மா போனபோது வராத வலி. வாக்கியமும் நுனிநாக்கில்தான் இருந்தது.

அந்த அம்மாளின் விரல்கள் லேசாக அசைந்தன. கைப்பை தேவைப்படுகிறது. அவள் கேட்பதற்கு முன்பே பூனையக்கா அதை அவள் கையில் வைத்தாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.